காயீனை உயிரோடு விட்ட கடவுள் பிறகு ஏன் இரத்தத்துக்கு இரத்தம் கேட்டார்?

மாலைவெயில்: பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 4-இல் தம்பி ஆபேலை வயலில் வைத்துக் கொன்ற காயீனுக்கு மரண தண்டனை இல்லை. நிலம் உனக்குப் பலன் தராது, அலைந்து திரிவாய் என்பதோடு சரி. யாரும் அவனைக் கொல்லாதபடி ஓர் அடையாளமும் கிடைக்கிறது. ஆனால் 9-ஆம் அதிகாரத்தில் மனுஷ இரத்தம் சிந்தினவனின் இரத்தமும் மனுஷனாலேயே சிந்தப்படும் என்று வருகிறது. எனக்கு இது பின்னோக்கிப் போவதாகத்தான் படுகிறது.

கல்தச்சன்: நடுவில் காயீன் வம்சத்து லாமேக்கை விட்டுவிட்டீர்களே. தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு, காயீனைக் கொல்கிறவன்மேல் ஏழு பழி என்றால் எனக்கு எழுபத்தேழு என்று பெண்டாட்டிகளிடம் மார்தட்டுகிறான். பழி அப்படிப் பெருகும் ஊரில் ஓர் உயிருக்கு ஓர் உயிர்தான் என்பது கடிவாளம். அப்புறம் எண்ணாகமம் 35-ஐப் பாருங்கள், ஆறு அடைக்கலப் பட்டணங்கள், யோர்தானுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. உபாகமம் 19 சொல்வதுபோல மரம் வெட்டும்போது கோடரி காம்பைவிட்டுக் கழன்று பக்கத்தில் நின்றவன் செத்துப்போனால், வெட்டியவன் அங்கே ஓடலாம், சபை விசாரிக்கும்.

மாலைவெயில்: விசாரித்து? வேண்டுமென்றே கொன்றவன் என்றால் ஊர் மூப்பர்கள் அவனைப் பழிவாங்குகிற உறவுக்காரன் கையில்தானே ஒப்படைக்கிறார்கள் (உபாகமம் 19)? தெரியாமல் கொன்றவனும் பிரதான ஆசாரியன் சாகும்வரை எல்லை தாண்டக்கூடாது, தாண்டினால் செத்தவனின் உறவுக்காரன் வெட்டலாம், அவன்மேல் பழி இல்லை. கத்தி கடைசிவரை அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

கல்தச்சன்: இருக்கிறது, ஆனால் ஒரே சாட்சியை நம்பி அதை ஓங்க முடியாது. கொலைகாரன் உயிருக்கு மீட்கும் பணமும் வாங்கக்கூடாது. இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த ஏத்தியர் என்ற பழைய இனத்தாரின் சட்டத்தில் சண்டையில் ஒருவனைக் கொன்றவன் ஈடாக நாலு ஆட்களைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம், இங்கே எவ்வளவு பெரிய பணக்காரனுக்கும் அந்த வழி கிடையாது. இதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

மாலைவெயில்: சட்டம் சரி, நடந்தது என்ன? எப்ரோனே ஓர் அடைக்கலப் பட்டணம். அதன் வாசலில்தான் தாவீது ராஜாவின் படைத்தலைவன் யோவாப், சவுல் ராஜாவின் படைத்தலைவனாக இருந்த அப்னேரை இரகசியம் பேசுவதுபோல ஒதுக்கிக் கூட்டிப்போய் வயிற்றில் குத்துகிறான், தம்பி ஆசகேலுக்குப் பழியாக. அந்த ஆசகேலோ போரில் அப்னேரைத் துரத்தியவன், விலகிப் போ என்று இரண்டு தடவை கெஞ்சியும் கேட்கவில்லை. தாவீது பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு போனார், யோவாபைத் தொடவில்லை.

கல்தச்சன்: தாவீதுக்குப் பின் ராஜாவான மகன் சாலொமோன் விடவில்லையே. அடைக்கலம் தேடிப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்ட யோவாபை அங்கேயே வெட்டினார்கள். சதி செய்து கொன்றவனை என் பலிபீடத்திலிருந்தும் இழுத்துப் போ என்று யாத்திராகமம் 21 சொல்வது இதைத்தான்.

மாலைவெயில்: இழுத்துப் போகத்தானே சொல்கிறது? வெளியே வரமாட்டேன் என்றதும் பீடத்தருகிலேயே வெட்டிவிட்டார்கள். அதுவும் சாகக் கிடந்த தாவீது, அவன் நரைமயிர் சமாதானமாய்ப் பாதாளத்தில் இறங்க விடாதே என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனதால். எந்தச் சபை விசாரித்தது, எந்தச் சாட்சி வந்து நின்றான்?