சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பங்கள்: சனிக்கிழமை ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வகுப்பு

கவிதா டீச்சர்: அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு நாடி (NADI) சமூக இணைய மையத்தில் கணினி அறை கிடைத்துவிட்டது. 'ஏஐ உந்தோக் ரக்யாட்' (மக்களுக்கான ஏஐ) என்ற அரசாங்க இணையப் பாடத்தைச் சேர்ந்து படிப்போம். படிவம் 4, 5 பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் வாருங்கள்.

லெட்சுமி அத்தை: எனக்கு மலாய் பேச வரும், படிக்கத் தடுமாறும். இங்கிலீஷ் அறவே இல்லை. நான் வந்து என்னம்மா செய்வது?

கவிதா டீச்சர்: தமிழிலேயே இருக்கிறது அத்தை! மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ், நான்கிலும் உண்டு. காசு கிடையாது. 2024 ஜனவரியில் மலேசியப் பிரதமர் அன்வார் தொடக்கிவைத்தார். 10 லட்சம் பேராவது படிக்க வேண்டும் என்று அப்போது இலக்கு வைத்தார்கள். அதில் நம் தோட்டத்து ஆட்களும் இருக்க வேண்டும்.

தினேஷ்: நான் வருகிறேன் அக்கா. ஆனால் அரசாங்கத்தின் ஏஐ திட்டமெல்லாம் சைபர்ஜெயாவுக்கும் ஜொகூர் டேட்டா சென்டர்களுக்கும்தானே?

கவிதா டீச்சர்: அப்படி நினைத்து ஒதுங்கிவிடாதே தம்பி. 2021-2025 தேசிய ஏஐ திட்டத்தில் ஆறு வியூகங்கள். ஏஐ தெரிந்த ஆட்களை உருவாக்குவது ஒன்று, மக்களுக்கு ஏஐயைப் பழக்குவது இன்னொன்று. 2024 டிசம்பரில் தேசிய ஏஐ அலுவலகம் வந்தது. 2026-2030க்கான செயல்திட்டம் அதன் முதல் வேலைகளில் ஒன்று. யுடிஎம்மில் (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஏஐக்கென்றே தனிப் புலம் திறந்துவிட்டார்கள். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கணக்குப் பாடத்தை விட்டுவிடாதே.

முனியாண்டி மாமா: நான் தண்டலாக, வேலையாட்களை மேற்பார்க்கிறவனாக, இருந்தபோது, குலை பழுத்ததா என்று அறிய மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் குலையை வெட்டச் சொல்வேன். இப்போது என் மகன் வேலை செய்யும் தோட்டத்தில் டிரோன் பறந்து படம் எடுக்கிறது. எந்தச் செம்பனை மரத்தில் கனோடெர்மா பூஞ்சை நோய் பிடித்திருக்கிறது என்று கணினி குறித்துக் கொடுக்கிறதாம். அந்த டிரோனை ஓட்ட வெளியூர்ப் பையன் வருகிறான். நம் பிள்ளைகள் ஏன் அந்த வேலைக்குப் போகக் கூடாது? ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டபோதும், அப்புறம் நிலத்தை வீடு கட்ட விற்றபோதும், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) சனங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. சாமான் கட்டுகிற அன்றுகூடச் சிலருக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. இந்தத் தடவை முன்னாலேயே தெரிந்துகொள்வோம். நான் வருகிறேன்.

தினேஷ்: மாமா, உங்கள் பக்கத்தில்தான் உட்காருவேன். அந்த உதிரிப் பழக் கணக்கை எனக்கும் சொல்லித் தாருங்கள்.

சரசு அக்கா: டீச்சர், போன மாதம் என் அண்ணன் குரலிலேயே யாரோ போன் போட்டுப் பணம் கேட்டார்கள். அதுவும் இந்த ஏஐ வேலைதானா?

கவிதா டீச்சர்: இருக்கலாம் அக்கா. இப்போது குரலை அப்படியே செய்துவிட முடிகிறது. 2024 செப்டம்பரில் ஏஐ நெறிமுறை வழிகாட்டி வெளியானது, ஆனால் அது கட்டாயச் சட்டம் அல்ல. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது நாம்தான். யார் குரல் கேட்டாலும் போனை வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் அவர்கள் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997க்குச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் இதைத் தனியாகப் பேசுவோம்.

லெட்சுமி அத்தை: சரி, நானும் வருகிறேன். மதியத்துக்கு மீகூன் கிளறிக் கொண்டுவருகிறேன்.

கவிதா டீச்சர்: நன்றி அத்தை. பதிவு செய்ய மின்னஞ்சல் வேண்டும். இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், தினேஷ் திறந்து தருவான்.

தினேஷ்: முடியும் அக்கா. அத்தை, இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், போனைச் சார்ஜ் போட்டு வையுங்கள்.