டைனமோடிபி அட்டவணையைச் சேதத்திற்கு முந்தைய நேரத்திற்கு மீட்டும் சேதமடைந்த தரவே வருகிறது: உதவி தேவை

கேள்வி (பட்டர்வொர்த், சனிக்கிழமை இரவு)

வணக்கம். பட்டர்வொர்த்தில் என் அப்பாவும் அண்ணனும் பள்ளி வேன் சேவை நடத்துகிறார்கள். 11 வேன்களில் ஏறும் பிள்ளைகளின் விவரங்களை, அமேசான் மேகக்கணியின் தரவுத்தளச் சேவையான டைனமோடிபியில், சிங்கப்பூர் வட்டாரத்தில், ஒரே அட்டவணையாக நான் இரண்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். எண், பெயர், பள்ளி, வேன், ஏறும் இடம், ஏறும் நேரம், மாதக் கட்டணம் செலுத்தியாயிற்றா என்ற குறிப்பு ஆகியவை ஒவ்வொரு பதிவிலும் உள்ளன. மொத்தம் 412 பதிவுகள்.

சில பதிவுகளில் ‘பாகான் டாலாம்’ என்பது ‘பாகான் டாலம்’ என்று பிழையாக இருந்தது. அதைத் திருத்த ஒரு சிறிய பைதான் நிரல் எழுதி, இன்று பிற்பகல் 2:20க்கு இயக்கினேன். பிழையான பெயர் உள்ள பதிவை மட்டும் தொட வேண்டும் என்ற நிபந்தனை வரியைச் சோதனைக்காக எடுத்திருந்தேன்; அதைத் திரும்பச் சேர்க்க மறந்துவிட்டேன். ஒரு நிமிடத்திற்குள் 412 பிள்ளைகளும் பாகான் டாலாமில் ஏறுபவர்களாக மாறிவிட்டார்கள். சுங்கை புயூ, மாக் மண்டின், பிறையின் சாய் லெங் பார்க் என்று எல்லா இடங்களும் போய்விட்டன.

நல்லவேளையாக, எந்த நொடிக்கும் திரும்பிச் செல்லக்கூடிய தொடர் காப்பு வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தேன். எனவே பைதானிலிருந்து அமேசான் சேவைகளை அழைக்க உதவும் போட்டோ3 லைப்ரரியின் ‘ரீஸ்டோர் டேபிள் டு பாயிண்ட் இன் டைம்’ அழைப்பைப் பயன்படுத்தி, பிற்பகல் 2:05க்கு இருந்த நிலையைப் புதிய அட்டவணை ஒன்றுக்கு மீட்க முயன்றேன். 2:45க்குச் செய்த முதல் முயற்சி, மீட்பு நேரம் செல்லாது என்ற பிழையுடன் உடனே நின்றுவிட்டது. காப்பு இன்னும் தயாராகவில்லை போலும் என்று எண்ணி, மாலை 4 மணிக்கு அதே நிரலை மீண்டும் இயக்கினேன். இம்முறை அழைப்பு ஏற்கப்பட்டது. ஆனால் அட்டவணை தயாராகும் வரை காத்திருக்கும் ‘வெய்ட்டர்’ எட்டு நிமிடங்களுக்குப் பிறகு, அதிகபட்ச முயற்சிகள் முடிந்துவிட்டன என்று சொல்லி நின்றது. மீட்பு தோற்றுவிட்டது என்று நினைத்து, 1:50க்கும் பிறகு 1:30க்குமாக வேறு இரண்டு பெயர்களில் மீண்டும் மீட்டேன்.

இப்போது மூன்று அட்டவணைகளும் ‘ஆக்டிவ்’ நிலையில் இருக்கின்றன, மூன்றிலும் 412 பதிவுகள் இருக்கின்றன, ஆனால் மூன்றிலுமே எல்லாப் பிள்ளைகளும் பாகான் டாலாமில்தான் ஏறுகிறார்கள். 1:30க்கு என் நிரலை எழுதி முடிக்கவே இல்லை என்பதால், அந்த நேரத்துத் தரவில் இந்தச் சேதம் எப்படி இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை 5:45க்கு முதல் வேன் புறப்பட வேண்டும். கையில் இருப்பது இரண்டு மாதங்களுக்கு முன் அச்சிட்ட பட்டியல் மட்டுமே. ஓட்டுநர்களுக்குப் பெரும்பாலான வீடுகள் மனப்பாடம் என்றாலும், அண்மையில் சேர்ந்த பிள்ளைகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை. தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

வணக்கம் அக்கா. முதலில் ஒன்று: பதற்றத்தில் அந்தத் தொடர் காப்பு வசதியை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்த்துவிடாதீர்கள். நிறுத்தி இயக்கினால், எந்த நேரத்திலிருந்து மீட்கலாம் என்ற கணக்கு இயக்கிய நொடியிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும். இன்று மதியத்துத் தரவு கைநழுவிப் போய்விடும். அதை அப்படியே விட்டுவைத்தால் அதிகபட்சம் 35 நாட்கள் வரை பின்னோக்கிச் செல்ல இடம் இருக்கிறது. ஆகவே உங்கள் தரவு பத்திரமாக உள்ளது என்ற நம்பிக்கையோடு நிதானமாகத் தேடலாம்.

வெய்ட்டர் பிழையை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. போட்டோ3இல் அட்டவணைக்கான வெய்ட்டர், எதுவும் மாற்றாமல் விட்டால், 20 நொடிக்கு ஒருமுறை 25 தடவை மட்டுமே நிலையைக் கேட்கும். அதாவது 500 நொடிகள். சிறிய அட்டவணையாக இருந்தாலும் மீட்பு அதைவிட நீளலாம். வெய்ட்டர் பொறுமை இழந்ததே தவிர மீட்பு அந்தப் பக்கம் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருந்தது. காத்திருப்பு இடைவெளியையும் தடவைகளையும் ‘வெய்ட்டர் கான்ஃபிக்’ வழியாகக் கூட்டிக்கொண்டால் அந்தப் பிழை வராது.

தவறான தரவு வருவதற்கான காரணம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மீட்கப்பட்ட மூன்று அட்டவணைகளில் முதலாவதற்கு ‘டிஸ்கிரைப் டேபிள்’ அழைப்பைச் செய்து, விடையில் வரும் ‘ரீஸ்டோர் சம்மரி’ பகுதியில் ‘ரீஸ்டோர் டேட்டைம்’ என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். நேரத்தை எப்படி உருவாக்கி அனுப்பினீர்கள் என்ற அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி தம்பி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். முதல் அட்டவணையின் ‘ரீஸ்டோர் டேட்டைம்’ பிற்பகல் 3:10 என்று, +08:00 (உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி முன்னே) என்ற குறியோடு காட்டுகிறது. நான் கேட்டது 2:05. 1:50க்குக் கேட்டது 2:55 என்றும், 1:30க்குக் கேட்டது 2:35 என்றும் இருக்கின்றன. மூன்றுமே சேதத்திற்குப் பிந்தைய நேரங்கள்.

நேரத்தை உருவாக்கும் வரியைப் பழைய வேலையிடத்தில் எழுதிய ஒரு நிரலிலிருந்து எடுத்தேன். ‘டேட்டைம்’ உருவாக்கும்போதே ‘டிஇஸட்இன்ஃபோ’ என்ற இடத்தில், நேர மண்டலங்களைக் கையாளும் பைடிஇஸட் லைப்ரரியின் ‘ஆசியா/சிங்கப்பூர்’ மண்டலத்தைக் கொடுத்திருக்கிறேன். சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒரே நேரம்தானே என்று அதை மாற்றவில்லை.

பதில் (ஜோர்ஜ்டவுன், பினாங்கு)

சகோதரி, உங்கள் கடைசிப் பத்தியிலேயே விடை இருக்கிறது. மூன்று முறையும் வித்தியாசம் சரியாக 1 மணி 5 நிமிடம் என்பதைக் கவனியுங்கள். எட்டு மணிநேர வித்தியாசமாக இருந்திருந்தால் உலகப் பொது நேரத்தோடு குழப்பிக்கொண்டீர்கள் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். இப்படி ஒற்றைப்படையாக ஒரு மணியும் ஐந்து நிமிடமும் பிசகினால், பைடிஇஸட் மண்டலத்தை நேரடியாக ‘டேட்டைம்’ உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பைடிஇஸட் ஒரு மண்டலத்தின் வரலாறு முழுவதையும் தன்னுள் வைத்திருக்கிறது. நேர மண்டலங்கள் வகுக்கப்படுவதற்கு முன்பு, ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேலே செல்லும் சூரியனை வைத்தே மணி கணித்தது. சிங்கப்பூருக்கு அந்த உள்ளூர் நேரம், உலகப் பொது நேரத்தைவிட 6 மணி 55 நிமிடம் முன்னே இருந்தது. மண்டலத்தை நீங்கள் ‘டிஇஸட்இன்ஃபோ’ வழியாகக் கொடுத்தால், தேதியைப் பார்த்துச் சரியான இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும் வேலை நடப்பதே இல்லை. பட்டியலின் தலையில் இருக்கும் அந்தப் பழைய 6:55 ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் எழுதிய 2:05, உலகப் பொது நேரத்தில் காலை 6:05 ஆவதற்குப் பதிலாகக் காலை 7:10 ஆனது. நம் கடிகாரத்தில் அது பிற்பகல் 3:10. 2:45க்கு நீங்கள் செய்த முதல் முயற்சி மறுக்கப்பட்டதும் இதனால்தான். அப்போது நீங்கள் கேட்டது, இன்னும் வந்திராத 3:10. காப்பு தயாராகாததால் அது மறுக்கப்படவில்லை. மீட்கக்கூடிய கடைசி நேரம் பொதுவாக நடப்பு நேரத்திற்கு ஐந்து நிமிடம் பின்னே இருக்கும், அவ்வளவுதான் அதன் தாமதம்.

எனக்கு இது நெருக்கமான விஷயம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் 7:30 இடைவெளியிலிருந்து 8:00க்கு மாறின. அன்று எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை அப்பா நாற்காலி போட்டு ஏறி அரை மணி முன்னே தள்ளி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே நம் ஊர் நேரம் எப்போதும் எட்டு என்று நாம் நினைத்தாலும், நிரலுக்குள் இருக்கும் மண்டலத்துக்கு அப்படி இல்லை.

திருத்தம் எளிது. பைதான் 3.9 முதல் மொழியோடே வரும் ‘ஸோன்இன்ஃபோ’வைப் பயன்படுத்தி ‘ஆசியா/கோலாலம்பூர்’ என்று கொடுங்கள். விண்டோஸ் கணினி என்றால் ‘டிஇஸட்டேட்டா’ தொகுப்பையும் நிறுவ வேண்டியிருக்கும். பைடிஇஸட்டையே வைத்துக்கொள்ள விரும்பினால், மண்டலம் இல்லாத நேரத்தை அதன் ‘லோக்கலைஸ்’ வழியாக அனுப்புங்கள். எதைச் செய்தாலும், அழைப்புக்கு முந்தைய வரியில் அந்த நேரத்தை அச்சிட்டுப் பாருங்கள். உங்கள் இப்போதைய நிரலில் அது 14:05:00+06:55 என்று வரும். 14:05:00+08:00 என்று வந்த பிறகே மீட்பை அழையுங்கள். மண்டலமே கொடுக்காமல் விடுவதும் ஆபத்து: போட்டோ3 அதை அந்தக் கணினியின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் மடிக்கணினியில் அது சரியாக வேலை செய்யும். உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரில் அதே நிரல் எட்டு மணிநேரம் தள்ளிப் போய்விடும்.

கேள்வி கேட்டவர் (ஞாயிறு காலை)

ஐயா, அச்சிட்டுப் பார்த்தபோது நீங்கள் சொன்ன அதே +06:55 திரையில் வந்தது. ‘ஸோன்இன்ஃபோ’வுக்கு மாற்றி 2:05க்கு மீட்டேன். 20 நிமிடம் கழித்து அட்டவணை தயாரானது. முதல் பதிவைத் திறந்ததும் ‘சாய் லெங் பார்க், காலை 6:10’ என்று இருந்ததைக் கண்டு அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

இனி இந்தத் தரவை எப்படிப் பழைய அட்டவணைக்குக் கொண்டுவருவது? அதே பெயரில் மேலெழுதி மீட்க முயன்றால், அந்தப் பெயரில் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கிறது.

பதில் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

டைனமோடிபி எப்போதும் புதிய அட்டவணைக்குத்தான் மீட்கும் அக்கா. இருப்பதன் மேல் மீட்க வழி இல்லை. உங்கள் செயலியில் அட்டவணைப் பெயர் ஒரே இடத்தில் இருந்தால், அதைப் புதிய பெயருக்கு மாற்றிவிடுவது மிக வேகமான வழி. ஆனால் மீட்கப்பட்ட அட்டவணைக்குக் குறிச்சொற்கள், பதிவுகள் தானாகக் காலாவதியாகும் அமைப்பு, மாற்றங்களை வரிசையாகத் தரும் ஸ்ட்ரீம், தொடர் காப்பு வசதி ஆகியவை பழையதிலிருந்து வந்து சேராது. அவற்றை, குறிப்பாகத் தொடர் காப்பை, நீங்கள்தான் மீண்டும் இயக்க வேண்டும்.

பதில் (ஜோர்ஜ்டவுன், பினாங்கு)

தம்பி சொன்ன வழி அட்டவணையில் யாரும் எழுதாமல் இருந்திருந்தால் சரி. இங்கே நான் உடன்பட மாட்டேன். சனிக்கிழமை பிற்பகல் 2:05க்குப் பிறகு கட்டணம் வாங்கிய குறிப்புகளும் புதிய சேர்க்கைகளும் பழைய அட்டவணையில் ஏறியிருக்கும். பெயரை மாற்றினால் அவை எல்லாம் மறைந்துவிடும். கட்டணம் கட்டிய பெற்றோரிடம் மீண்டும் கேட்கும் நிலை வரும். கெட்டுப்போனது ஏறும் இடம் என்ற ஒரே புலம்தான். அதை மட்டும் கொண்டுவாருங்கள்.

மீட்கப்பட்ட அட்டவணையை, பகுதி பகுதியாகப் படித்துத் தரும் ‘பேஜினேட்டர்’ வைத்து முழுவதும் படியுங்கள். அட்டவணையைப் படிக்கும் ‘ஸ்கேன்’ அழைப்பு ஒரு தடவைக்கு 1 மெகாபைட் அளவே தரும் என்பதால் இந்தப் பழக்கம் நல்லது. ஒவ்வொரு பதிவுக்கும் பழைய அட்டவணையில் ‘அப்டேட் ஐட்டம்’ அழைத்து, ஏறும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். முழுப் பதிவையும் எழுதும் ‘புட் ஐட்டம்’ அல்லது ‘பேட்ச் ரைட்டர்’ வேண்டாம்; அது கட்டணக் குறிப்பையும் பழையதாக்கிவிடும். கூடவே ஒரு நிபந்தனை அவசியம்: பழைய அட்டவணையில் ஏறும் இடம் இப்போதும் ‘பாகான் டாலாம்’ என்று இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். இதனால் இதற்கிடையில் யாராவது கையால் சரிசெய்த பதிவு கலையாது. நீக்கப்பட்ட பிள்ளையின் பதிவும் உயிர் பெறாது. நிபந்தனை இல்லாமல் விட்டால், இல்லாத எண்ணுக்கு ‘அப்டேட் ஐட்டம்’ புதிய பதிவையே உருவாக்கிவிடும். நிபந்தனை பொருந்தாத எண்களைப் பிழையாக விட்டுவிடாமல் ஒரு பட்டியலில் சேர்த்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர் (ஞாயிறு மாலை)

ஐயா சொன்னபடியே முதலில் ஐந்து பதிவுகளுக்கு மட்டும் இயக்கி, அண்ணனை அருகில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, பிறகு முழுவதற்கும் இயக்கினேன். 412இல் 409 பதிவுகள் திருந்தின. நிபந்தனை பொருந்தாத மூன்றில் இரண்டை, பெற்றோர் தொலைபேசியில் சொன்னதும் அண்ணன் இன்று காலையே கையால் திருத்தியிருக்கிறார். மூன்றாவது பிள்ளை வேறு ஊருக்கு மாறியதால் அப்பா நேற்றிரவு நீக்கியிருக்கிறார். நேற்று மாலை புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் பதிவு யாரும் தொடாமல் அப்படியே இருக்கிறது. பெயரை மாற்றியிருந்தால் அந்தப் பிள்ளை நாளை வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கும்.

எழுத்துப்பிழை உள்ள அந்த ‘பாகான் டாலம்’ பதிவுகளும் மீட்போடு திரும்பி வந்துவிட்டன. நிபந்தனை வரியைச் சேர்த்த பிறகு அவற்றைத் தனியாகத் திருத்தினேன், மொத்தம் ஆறு. வேன் வாரியான புதிய பட்டியலை அச்சிட்டு ஓட்டுநர்களிடம் கொடுத்துவிட்டோம். தவறான நேரத்திற்கு மீட்ட மூன்று அட்டவணைகளையும் இப்போதே நீக்கிவிட்டேன். சரியான மீட்பை மட்டும் நாளை எல்லா வேன்களும் திரும்பி வரும் வரை வைத்திருப்பேன். இருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.