மோட்டார் நிற்கும் நொடியில் மட்டும் ஆர்டுயினோ குழம்புகிறது: எங்கே பார்ப்பது?

கவுண்டன்யா கரையோரம் (குடியாத்தம்):

அனைவருக்கும் வணக்கம். நெசவுத் தொழில் செய்பவன் நான். மின்னணுவியல் எனக்கு இரவு நேரப் பொழுதுபோக்கு மட்டுமே. ஆகவே கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சம்ப்பில் பிடித்த தண்ணீரை 1 குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டாரால் மாடியிலுள்ள 1000 லிட்டர் தொட்டிக்குத் தானாக ஏற்றும்படி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்திருக்கிறேன். உள்ளே ஆர்டுயினோ யூனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை), 16×2 எல்.சி.டி. திரை, 5 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பலகை ஆகியவை உள்ளன. ரிலே 230 வோல்ட் காயில் (கம்பிச்சுருள்) கொண்ட ஒரு கான்டாக்டரை (மோட்டார் போன்ற பெரிய சுமைகளுக்கான ரிலேயை) இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது. தண்ணீர் மட்டத்தை அறியத் தொட்டிக்குள் மூன்று செம்புக் கம்பிகளை வெவ்வேறு உயரத்தில் தொங்கவிட்டு, அவற்றிலிருந்து 25 மீட்டர் ஒயரை மோட்டார் ஒயர் இறங்கும் அதே பி.வி.சி. குழாய் வழியாகக் கீழே கொண்டுவந்திருக்கிறேன்.

மோட்டார் ஓடத் தொடங்கும்போது எந்தக் குறையும் இல்லை. ஆனால் தொட்டி நிரம்பி மோட்டார் நிற்கும் நொடியில், ஏறக்குறைய மூன்று முறைக்கு ஒரு முறை, திரையில் படிக்க முடியாத எழுத்துகள் வருகின்றன. சில வேளைகளில் ஆர்டுயினோ தானாக மறுதொடக்கம் ஆகி, நிரம்பிய தொட்டிக்கே மீண்டும் மோட்டாரைப் போட்டுவிடுகிறது. சென்ற வாரம் இப்படி வழிந்த தண்ணீரில் பக்கத்து வீட்டார் காயப்போட்டிருந்த சாய நூல் நனைந்து, நான் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. நிரலை இரண்டு முறை புதிதாக எழுதினேன், பலகையை மாற்றினேன், மின்சாரம் தரும் மொபைல் சார்ஜரையும் மாற்றினேன். பலனில்லை. நிரலில் எதைக் கவனிக்கத் தவறுகிறேன்?

சாலிடர் புகை (காட்பாடி):

தவறு நிரலில் இருக்க வாய்ப்பு குறைவு என்பது என் கருத்து. மோட்டார் தொடங்கும்போது வராமல் நிற்கும்போது மட்டும், அதுவும் மூன்றில் ஒரு முறை மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் மின் இரைச்சலின் வேலையாகவே இருக்கும். ஆயினும் ஊகத்தில் பொருள் வாங்காமல், இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலாவதாக, ஆர்டுயினோவின் 13ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) உள்ள எல்.இ.டி. அரை நொடிக்கு ஒருமுறை சிமிட்டும்படி நிரலில் சேருங்கள். திரை குழம்பிய பிறகும் எல்.இ.டி. சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஆர்டுயினோ நலமாக இருக்கிறது, திரை மட்டுமே வழிதவறியது என்று பொருள். இவ்வகைத் திரைகளை நாம் பெரும்பாலும் நான்கு பிட் முறையில் இணைக்கிறோம். ஒவ்வோர் எழுத்தும் இரண்டு பாதிகளாகச் செல்வதால், இரைச்சலால் ஒரு பாதி கூடினாலும் குறைந்தாலும் அதன்பின் வரும் எழுத்துகள் எல்லாம் தப்பாகவே சேர்ந்துகொண்டு போகும்.

இரண்டாவதாக, மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்துகொண்டு, ரிலேயிலிருந்து கான்டாக்டர் காயிலைக் கழற்றி, வெறும் ரிலேயை இருபது முறை இயக்குங்கள். பிறகு காயிலை மாட்டி, மோட்டார் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் இருபது முறை இயக்குங்கள். முடிவை இங்கே எழுதுங்கள்.

தோல்நகர் (ஆம்பூர்):

இதற்கு இவ்வளவு சோதனை தேவையில்லை. காயிலின் குறுக்கே 1என்4007 டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) ஒன்று போட்டால் சரியாகிவிடும். நான் எல்லா ரிலேக்களுக்கும் அப்படித்தான் போடுகிறேன்.

கவுண்டன்யா கரையோரம் (குடியாத்தம்):

சோதித்துவிட்டேன். வெறும் ரிலேயை இயக்கியபோது இருபது முறையும் ஒன்றும் ஆகவில்லை. காயிலை மாட்டி மோட்டார் இல்லாமல் இயக்கியபோது ஏழு முறை குழம்பியது. அவற்றில் நான்கு முறை எல்.இ.டி. சிமிட்டிக்கொண்டே இருந்தது, மூன்று முறை ஆர்டுயினோவே மறுதொடக்கம் ஆனது. டையோடு கையில் இருக்கிறது. இன்று இரவே மாட்டிவிடலாமா?

சாலிடர் புகை (காட்பாடி):

தயவுசெய்து மாட்டாதீர்கள்! ஆம்பூர் நண்பர் சொல்வது நேர்மின்னோட்டக் காயிலுக்குப் பொருந்தும்; உங்கள் ரிலே பலகையில் அந்த டையோடு ஏற்கெனவே இருக்கும். கான்டாக்டரின் காயில் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் இயங்குவது. அதன் குறுக்கே டையோடு போட்டால், ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியில் அது மெயினையே ஷார்ட் செய்துவிடும். டையோடு வெடிக்கும், ரிலேயின் முனைகளும் தீய்ந்துபோகும்.

மோட்டாரே இல்லாமல் கோளாறு வந்ததால், குற்றவாளி காயில்தான். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை ரிலே திடீரென அறுக்கும்போது காயில் அதை விட்டுக்கொடுக்காமல் மின்னழுத்தத்தைப் பல நூறு வோல்ட்டுக்கு மேல் எகிறச் செய்கிறது. அதனால் ரிலே முனைகளுக்கிடையே தீப்பொறி அணைந்து அணைந்து மூண்டு, ஒரு சிறிய வானொலி ஒலிபரப்பு நிலையம் போலவே இரைச்சலைப் பரப்புகிறது. மூன்றில் ஒரு முறை மட்டும் ஏன் என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைக் கடக்கிறது. ரிலே சுழியத்தை ஒட்டித் திறந்தால் பொறி இல்லை, உச்சத்தை ஒட்டித் திறந்தால் பொறி பலமாக இருக்கும். எந்த நேரத்தில் திறக்கும் என்பது அந்தந்த முறையின் அதிர்ஷ்டம்.

மருந்து ஸ்னப்பர், அதாவது இந்தப் பொறியை அடக்கும் சிறு சுற்று. 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றையும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் தொடராக இணைத்து, கான்டாக்டர் காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே, காயிலுக்கு மிக அருகில் மாட்டுங்கள். கெபாசிட்டரின் மேல் எக்ஸ்2 (மெயினின் குறுக்கே போடத்தக்க வகை) என்றும் 275 வோல்ட் ஏ.சி. என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண செராமிக் கெபாசிட்டர் மெயினில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். சிலர் ஸ்னப்பரை ரிலே முனைகளுக்குக் குறுக்கே போடுவார்கள். அப்படிப் போட்டால் ரிலே திறந்திருக்கும்போதும் சுமார் 7 மில்லிஆம்பியர் கசிந்துகொண்டிருக்கும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

கூடவே தொட்டி ஒயரை மோட்டார் குழாயிலிருந்து வெளியே எடுத்து, ஓர் அடியாவது தள்ளித் தனியாக இறக்குங்கள். அந்த 25 மீட்டர் ஒயர் இப்போது நல்ல ஆன்டெனாவாக வேலை செய்கிறது.

தோல்நகர் (ஆம்பூர்):

என் தவறு. நான் இதுவரை 12 வோல்ட் ரிலேக்களுடன் மட்டுமே பழகியவன். நல்ல வேளையாகத் தடுத்தீர்கள்.

மீட்டர் முள் (ராணிப்பேட்டை):

ஸ்னப்பர் குறித்துச் சொல்ல இனி ஒன்றுமில்லை. செம்புக் கம்பிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அது உங்களுக்கு அடுத்த தலைவலியாக வரும். கம்பிகளில் எந்நேரமும் நேர்மின்னோட்டம் இருந்தால் மின்பகுப்பு நடந்து, நேர்முனைக் கம்பி கரைந்து களிம்பு பிடிக்கும். அந்தக் களிம்பு நீங்கள் புழங்கும் தண்ணீரில்தான் கலக்கும். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஆறே மாதத்தில் என் கம்பி நூலாக இளைத்துவிட்டது. கம்பிகளைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவை சுவிட்சுகளைப் போடுங்கள். ஒயருடன் தொங்கும் பந்து வகை நல்லது. தண்டில் ஏறி இறங்கும் சிறிய வகை உப்புப் படிந்து சிக்கிக்கொள்கிறது. ஆர்டுயினோவின் உள் புல்-அப் (பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்துவைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருப்பதால் நீண்ட ஒயருக்கு அது பலவீனமானது, வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரும் சேருங்கள். இங்கே இருப்பது 5 வோல்ட் என்பதால் செராமிக் போதும்.

நிரலில் உண்மையாகவே ஒரு குறை இருக்கிறது. இரைச்சல் போனாலும் மின்தடை நீங்கும்போது ஆர்டுயினோ மறுதொடக்கம் ஆகத்தானே செய்யும்? அது விழித்தவுடன் மோட்டாரை அணைத்தே வைத்திருந்து, மிதவைகளைச் சில நொடி இடைவெளியில் மூன்று முறை படித்து, மூன்றும் ஒத்திருந்தால் மட்டுமே முடிவெடுக்க வேண்டும். தொட்டி நிரம்ப வழக்கமாக ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, அதைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக ஓடினால் எதுவும் கேட்காமல் நிறுத்திவிடும்படி எழுதுங்கள்.

கவுண்டன்யா கரையோரம் (குடியாத்தம்):

எக்ஸ்2 கெபாசிட்டர் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போக மனமில்லாமல், பழுதான கணினி எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்றின் நுழைவாயிலில் இருந்ததைக் கழற்றினேன், அது 0.22 மைக்ரோஃபாரட். ஸ்னப்பரை மாட்டியபின் நாற்பது முறை நிறுத்திப் பார்த்தேன். ஒரே ஒரு முறை திரை குழம்பியது, மறுதொடக்கம் ஒருமுறைகூட ஆகவில்லை. தொட்டி ஒயரை இன்னும் பிரிக்கவில்லை. அதையும் மிதவை சுவிட்சுகளையும் ஞாயிற்றுக்கிழமை செய்ய எண்ணியிருக்கிறேன். 0.22 அப்படியே இருக்கலாமா, மாற்ற வேண்டுமா?

சாலிடர் புகை (காட்பாடி):

காயிலுக்குக் குறுக்கே இருக்கும்வரை 0.22 அப்படியே இருக்கலாம். ஆனால் இனி எஸ்.எம்.பி.எஸ். பிரிக்கும்போது, உள்ளேயிருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் மெயினைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும் என்பதால், கை வைக்கும்முன் மீட்டரால் அளந்துவிடுங்கள்.