ஆளைக் குறைத்தால் வங்கியின் வினைத்திறன் ஏறுமா?

உப்புவெளி வாசன்:
"கவுண்டரில் இருக்கிற ஆட்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கணினியிடம் கொடுங்கள், வங்கியின் வினைத்திறன் தன்பாட்டில் ஏறும், ஆபத்தும் குறையும்" என்று டொக்யார்ட் தம்பி நேற்று எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. திருகோணமலையில் 31 வருடம் வங்கி மேசையில் இருந்தவன் நான். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் காசைக் கணினிக்குள் புகுந்துதான் திருடினார்கள். அதில் 20 மில்லியன் டொலர் இலங்கைக்கு வந்தது. பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பது 'ஃபன்டேஷன்' என்று கிடந்தது. இடையில் இருந்த டொய்ச்சே வங்கி கேள்வி கேட்டது, காசு திரும்பியது. பிடித்தது மனிதக் கண்!

டொக்யார்ட் தம்பி:
ஐயா, பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். பங்களாதேஷின் காசு கிடந்த நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்குப் போன 35 களவு உத்தரவுகளில் 30 ஏன் நின்றது? காசு போய்ச் சேர இருந்த மணிலா வங்கிக் கிளையின் தெருப் பெயர் ஜூப்பிட்டர். அமெரிக்கா தடைசெய்தவர்களின் பட்டியலில் இருந்த ஒரு பெயரோடு அது பொருந்தியதும் கணினி மறித்தது. தப்பியது 850 மில்லியன். உங்கள் கண் காப்பாற்றியது 20.

உப்புவெளி வாசன்:
அது பெயர் பொருந்தியதால் வந்த அதிர்ஷ்டம். களவு என்று கணினிக்கு விளங்கவேயில்லை. எழுத்துப்பிழையை மனிதன் விளங்கித்தான் பிடித்தான். மணிலாவுக்கு 81 மில்லியன் போகும்போது உங்கள் கணினி எங்கே போனது?

டொக்யார்ட் தம்பி:
அங்கே அந்தக் காசை வெளியே விட்டது யார்? மனிதர்தானே. கிளை முகாமையாளரையே 2019இல் நீதிமன்றம் பணச்சலவைக் குற்றவாளி என்றது. அதைச் சொல்ல மாட்டீர்கள்.

கிண்ணியா ஆலைக்காரன்:
சரி, பங்களாதேஷை விடுங்கோ. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. என் ஆலைக்கடன் தவணை மூச்சை முட்டியது. கணினியில் என் பெயர் சிவப்பில் நின்றது, அவ்வளவுதான். முகாமையாளர் நேரே வந்து, சாக்கைப் பிரித்து நெல்லைக் கையில் அள்ளி, ஒன்றைக் கடித்துப் பார்த்தார். அப்புறம் தவணையை நீட்டித் தந்தார். இன்று கடன் முடிந்துவிட்டது. ஆளைக் குறைத்தால், வருமானத்தில் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் செலவு-வருமான விகிதம் அழகாய்த் தெரியும்தான். அறவிடமுடியாக் கடனுக்கு ஒதுக்கும் காசு அந்தக் கணக்கில் சேராதே!

டொக்யார்ட் தம்பி:
ஆலைக்கார நானா, பாதையில் (ஆற்றைக் கடக்கும் மிதவையில்) ஏறி இங்கே வந்து காசோலையைப் போட்டுவிட்டு, காசு எப்போது விழும் என்று நாட்கணக்கில் காத்திருந்ததை மறந்துவிட்டீர்களா? இப்போது ஆலையில் இருந்தபடியே அனுப்புகிறீர்கள்.

கிண்ணியா ஆலைக்காரன்:
கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. பாதையில் நின்று நனைந்தவன் நான். அதை நீ எனக்குச் சொல்லித் தராதே.

உப்புவெளி வாசன்:
பாலத்தை விடுங்கள். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. 'ஃபன்டேஷன்' என்பதை யார் கண்டது? நான் மேசையில் இருந்த காலத்தில் கையெழுத்தின் சுழி மாறினாலே காசோலையைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை எந்த மென்பொருளுக்கும் ஏற்ற முடியாது.

டொக்யார்ட் தம்பி:
ஜூப்பிட்டர், ஐயா. 850 மில்லியன். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

உப்புவெளி வாசன்:
சொல்லிவிட்டேன். மேலே போய் ஒருமுறை வாசி.