13 வயதுப் பையனுக்கு மீன்பிடி பெர்மிட் வேண்டுமா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

ஃபீனிக்ஸ் அத்தை:
அண்ணன் மகன் செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறான். வயது 13. ப்ளூ லகூன் கடற்கரையில் அவனுக்கு ஷேட் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் புது ராட் வாங்கி மூலையில் சாத்தி வைத்திருக்கிறார். பெர்மிட் கேட்டால் "சின்னப் பையன்தானே, என்னுடையதே போதும்" என்கிறார். போதுமா? அவன் தங்கைக்கு 10 வயது. அவளும் சும்மா இருக்க மாட்டாள்.

மெரேபேங்க் தாத்தா:
போதாதம்மா. பெர்மிட் ஆளுக்கு ஆள் தனி. 12 வயது ஆகியிருந்தால் போஸ்ட் ஆபீஸில் கொடுப்பார்கள். 16 வயது வரை ஐடி கார்டு கிடையாது, அதனால் பையனின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு போங்கள், ஐடி எண் அதிலேயே இருக்கும். விடுமுறைக்கு மட்டும் என்றால் ஒரு மாதப் பெர்மிட் எடுத்தால் போதும். இப்போது நிறைய கிளைகளை மூடிவிட்டார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

பெர்மிட்டை விடப் பெரிய சிக்கல் தேதி. அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை ஷேட் பிடிக்கக் கூடாது. நம் கரைப்பக்கம் அது முட்டையிடும் காலம். முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் தெற்கே கேப் பக்கம் போய் வளர்கின்றன, அங்கே அதற்கு எல்ஃப் என்று பெயர். ஆகவே செப்டம்பர் 30க்குள் பிடித்தால் உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4, ஒவ்வொன்றும் 30 செ.மீ. இருக்க வேண்டும். அக்டோபரில் தெரியாமல் மாட்டினாலும் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட வேண்டியதுதான். பையனுக்கு அழுகை வரும், வரட்டும்.

சில மாமாக்கள் பிள்ளை பெயரில் பெர்மிட் எடுத்துவிட்டு அவனைக் காரில் சிப்ஸ் தின்ன விட்டு, எட்டு ஷேட்டையும் தாங்களே இழுப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பையனுடைய நாலை அவன்தான் பிடிக்க வேண்டும்.

பத்து வயதுக்காரிக்குப் பெர்மிட் தர மாட்டார்கள். அளக்கும் ஸ்கேலை அவள் கையில் கொடுங்கள். மூக்கு நுனி முதல் வால் முனை வரை, நேராக. 29 என்றால் 29தான், மாமாவாவது யாராவது!

டோங்காட் பையன்:
தாத்தா, அதே பெர்மிட்டில் வீச்சு வலை போடலாமா? இரைக்குச் சின்ன மீன் வேண்டும்.

மெரேபேங்க் தாத்தா:
தூண்டிலுக்கு எடுத்தது வலைக்குச் செல்லாது தம்பி. வீச்சு வலைக்குத் தனியாகப் பணம் கட்டி எடுக்க வேண்டும். கடையில் உறைந்த மத்தி வாங்கிக்கொள், ஷேட்டுக்கு அதுவே நன்றாக எடுக்கும்.

ஃபீனிக்ஸ் அத்தை:
ரொம்ப நன்றி தாத்தா. அக்டோபரில் அப்போ ராடை மடக்கி வைப்பதா? இன்னொன்று, பக்கத்து வீட்டு ஆயா மிஞ்சுவதை விலைக்குக் கேட்கிறார்.

மெரேபேங்க் தாத்தா:
விற்கக் கூடாதம்மா, பொழுதுபோக்குப் பெர்மிட்டில் பிடித்தது ஒன்றுகூட விலைக்குப் போகக் கூடாது. ஆயாவுக்குச் சும்மா கொடுங்கள், குழம்பு வந்து சேரும். ராடை மடக்க வேண்டாம். உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் கிரண்டர் மீன் உண்டு: ஒருவருக்கு 5, அளவு 40 செ.மீ. ஷேட் மாதிரி வெடுக்கென்று இழுக்காது, மெல்லத் தடவிப் பார்க்கும். தூண்டில் நரம்பை விரலில் வைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டு.