அப்பாவின் பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்? உங்கள் அனுபவம் என்ன?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அப்பாவின் டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ3 செயலி. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக, ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸைப் போடலாம் என்று முடிவு செய்தேன்.

நிறுவுவதற்கு முன்னால், வென்டாய் (பல இயங்குதளங்களை ஒரே பென்டிரைவிலிருந்து தொடங்க உதவும் கருவி) போட்ட ஒரே பென்டிரைவில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புகளையும் போட்டு, அதிலிருந்தே ஓட்டி அப்பாவை உட்கார வைத்தேன். நான் வாயே திறக்கவில்லை. உபுண்டுவில் அவர் கை பழக்கத்தில் இடது கீழ் மூலைக்குப் போனது. அங்கிருந்த பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க ஐகான்கள். "ஏம்ப்பா, நான் படிச்சிட்டிருந்த பேப்பர் எங்க போச்சு?" என்றார். மின்ட்டின் சின்னமன் என்ற திரை அமைப்புள்ள பதிப்பில் அதே மூலையில் சின்னதாக ஒரு மெனு திறந்தது, படித்துக்கொண்டிருந்த பக்கம் பின்னாலேயே இருந்தது. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதோடு முடிவாகிவிட்டது.

உள்ளே இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல்தான் மின்ட்டைக் கட்டுகிறார்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம் என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். (ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் கிடைக்கிற வேகம் எந்த லினக்ஸை மாற்றினாலும் கிடைக்காது. அது தனிக் கதை.) நிறுவியதும் முதல் வேலையாக, சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவியை அமைத்துவிடுங்கள். அப்டேட்டில் ஏதாவது கோளாறு வந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அது காப்பது சிஸ்டத்தைத்தான். போட்டோக்களுக்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும்.

மறுமொழி, சிவகாசியிலிருந்து:

பென்டிரைவில் ஓட்டும்போதே பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள் சார். என் டிடிபி கடையிலுள்ள பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸில் அசையவே இல்லை. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த வேர்டு கோப்புகள் பரவாயில்லை, அந்த ஃபான்ட்டை நிறுவினால் லிப்ரே ஆபீஸில் படிக்க முடிகிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர்தான் லினக்ஸுக்கு வந்ததே கிடையாது. அதனால் கடையில் விண்டோஸ், வீட்டில் பிள்ளைகளுக்கு மின்ட். இப்படியே ஓடுகிறது.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

தமிழ் தட்டச்சைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சுத் தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, எங்கள் பக்கத்து ரெங்கநாதன் விசைப்பலகை எல்லாம் அதில் இருக்கின்றன. ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் பட்டியலில் தெரியும்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கக்கூடும். மதர்போர்டிலுள்ள மணிக்கூட்டில் லினக்ஸ் எழுதி வைப்பது உலகப் பொது நேரம், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. பேட்டரி போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். உள்ளூர் நேரத்தையே வைத்திருக்கும்படி லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரி.