கடைக்குக் கடை வேறு பிறந்தநாள் சொன்னால் பலன் உண்டா?

காவேரிப்பட்டணம் மாங்கா:
தங்கச்சி கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரியில் ஜவுளி எடுத்தோம். பில் போட்ட பெண் போன் நம்பர், பிறந்த தேதி, கல்யாண நாள் எல்லாம் கேட்டது. வரிசையில் நிற்பவர்கள் முறைக்கிறார்களே என்று ஒப்பித்துவிட்டேன். பத்தே நாளில் கடன் வேணுமா, பிளாட் வேணுமா என்று ஓயாமல் போன். அந்தக் கடைதான் கொடுத்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

ஒவ்வொரு கவுண்டரிலும் சண்டை போட என்னால் ஆகாது. மச்சான் ஒரு யோசனை சொன்னான்: மறைக்காதே, கலப்படம் பண்ணு. ஒரு கடைக்கு ஜனவரி, இன்னொன்றுக்கு ஆகஸ்ட். எங்கப்பாவின் பிறந்தநாளே பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் 1 தான், அதனால் எங்கள் குடும்பத்துக்கு இது புதுசில்லை. ஆனால் நிஜமாகவே பலன் உண்டா?

பாலக்கோடு பிரவுசிங்:
நம்பர் சரியாக இருந்தால் பாதி வீண். எல்லாப் பட்டியலையும் கோர்க்கிற நூல் அந்தப் பத்து இலக்கம்தான். வாய்க்கு வந்த நம்பரையும் சொல்லாதீர்கள், யாரோ ஒருவர் மாட்டுவார். தர முடியாது என்றே சொல்லுங்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-லேயே சொல்லியிருக்கிறது.

கணினியில் உங்கள் மச்சான் வழி பழைய சரக்கு. 2006-ல் வந்த டிராக்மீநாட் என்ற பிரவுசர் துணைநிரல், சம்பந்தமில்லாத சொற்களைத் தானாகத் தேடிக்கொண்டே இருக்கும். நீங்கள் தேடியது அந்தக் கூட்டத்தில் கலந்துவிடும். ஆட்நாசியம் என்ற இன்னொரு துணைநிரல் விளம்பரங்களை உங்களுக்குக் காட்டாமல் பின்னால் எல்லாவற்றையும் கிளிக் செய்துவிடும். எல்லாமே பிடிக்கிறவனுக்கு எதை விற்பது? 2017-ல் கூகுள் இதைக் குரோம் கடையிலிருந்து தூக்கிவிட்டது, ஃபயர்பாக்ஸில் போட்டுக்கொள்ளலாம். குப்பையைச் சலித்தெடுக்க விளம்பரக் கம்பெனிகளுக்கும் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பென்னாகரம் அக்கா:
தம்பி, ஆஸ்பத்திரியில் மட்டும் விளையாடாதே. வயசு மாறினால் மருந்தளவே மாறும். பேங்கிலும் வேண்டாம். லாட்ஜில் ஆதார் கேட்டால், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை இறக்கிக் கொடு. கடைசி நாலு மட்டும் தெரியும்.

காவேரிப்பட்டணம் மாங்கா:
சரிக்கா. மூன்று வாரமாக மெயிலில் செய்து பார்க்கிறேன். ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எதைச் சேர்த்தாலும் நமக்கே வருகிறது. அதனால் இடத்துக்கு ஒரு மாம்பழம்: செருப்புக்கடைக்குச் செந்தூரா, பஸ் டிக்கெட்டுக்கு நீலம், போன் கடைக்குப் பெங்களூரா. இன்று காலை நீலத்துக்குத் தனிநபர் கடன் தருகிறார்களாம்.

பாலக்கோடு பிரவுசிங்:
பிடித்துவிட்டீர்கள்! கூட்டலுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு அனுப்புகிற ஆட்களும் உண்டு. பெங்களூரா சத்தமில்லாமல் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.